ஷியாட்சு: விரல் அழுத்தமும் ஒரு பள்ளி வரலாறும்

ஜப்பானிய மொழியில் ‘ஷி’ என்றால் விரல். ‘அட்சு’ என்றால் அழுத்தம். இரண்டும் சேர்ந்ததுதான் ஷியாட்சு. சிகிச்சை பெறுபவர் தரையில் விரித்த பருத்தி மெத்தையில், உடுத்திய உடையுடனேயே படுத்திருப்பார். எண்ணெய் கிடையாது, கருவி கிடையாது. சிகிச்சையாளர் அருகில் மண்டியிட்டு அமர்ந்து, கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும், சில முறைகளில் முழங்கையாலும், உடலின் குறிப்பிட்ட இடங்களை அழுத்துவார். அழுத்தி, சில நொடிகள் அப்படியே நிறுத்தி, மெதுவாக விடுவார். பிறகு அடுத்த இடம்.

பார்ப்பதற்கு இவ்வளவுதான். ஆனால் அழுத்துவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கையின் வலிமையைக் கொண்டு அழுத்தக் கூடாது. கையை நேராக வைத்து, உடலின் எடையைச் சாய்க்க வேண்டும். விரல் தோலுக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். எட்டாம் வகுப்பில் நாம் நடத்தும் விசையும் அழுத்தமும் பாடம்தான் இது: விசை அதே அளவாக இருந்தாலும் படும் பரப்பு சிறியதானால் அழுத்தம் கூடும். அதனால்தான் முதுகின் அகன்ற பகுதிக்கு உள்ளங்கையும், தோள்பட்டை ஓரத்தில் உள்ள சிறு முடிச்சுக்குக் கட்டைவிரலும்.

இதைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு துண்டறிக்கை. சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்த மாணவர் ஒருவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. உயிரியல் பாடம் நடத்துவதோடு உயர்கல்வி வழிகாட்டுதல் பொறுப்பையும் நான் பார்த்து வந்ததால், அவருடைய அம்மா என்னைத் தேடி வந்தார். ஆறு வாரத்தில் ஷியாட்சு சான்றிதழ் என்று அந்தத் துண்டறிக்கையில் இருந்தது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், குழந்தையின்மை என்று தீரும் நோய்களின் பட்டியலும் இருந்தது. “டீச்சர், ஜப்பான்ல கண்ணு தெரியாதவங்க எல்லாம் இதைத்தான் பண்றாங்களாம். வட்டிக்கு வாங்கியாவது பணம் கட்டிடறேன். இவனைச் சேர்த்து விடலாமா, நீங்க சொல்லுங்க” என்றார். ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருந்தன. இந்தச் சிகிச்சை சொல்வதைச் செய்யுமா? ஜப்பானில் பார்வையற்றோர் இதைத்தான் செய்கிறார்கள் என்பது உண்மையா? இரண்டாவது கேள்விக்கான விடை இவ்வளவு நீளமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கோட்பாடு

கிழக்காசிய மருத்துவத்தின் அடிப்படைச் சொல் ‘கி’. சீன மொழியில் ‘ச்சி’. மூச்சு, ஆவி, உயிராற்றல் என்று இடத்துக்கு ஏற்பப் பொருள் தரும். நம்முடைய ‘வாயு’, ‘பிராணன்’ போன்ற சொற்களுக்குப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் அவற்றுக்குச் சமம் என்று சொல்ல முடியாது. இந்தக் கி உடலில் 12 முதன்மைப் பாதைகளில் ஓடுகிறது என்பது அக்கோட்பாடு. ஒவ்வொரு பாதைக்கும் ஓர் உறுப்பின் பெயர்: நுரையீரல் பாதை, சிறுநீரகப் பாதை என்று. பாதைகளின் மேல் உள்ள அழுத்தப் புள்ளியை ஜப்பானியர் ‘ட்சுபோ’ என்பார்கள். குடம், ஜாடி என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். விரல் வைத்தால் சற்றே உள்வாங்கும் குழி என்ற எண்ணத்தில் வந்த பெயர்.

அவர்களுக்கும் ஐந்து பூதங்கள் உண்டு. ஆனால் பட்டியல் வேறு: மரம், தீ, மண், உலோகம், நீர். காற்றும் ஆகாயமும் அதில் இல்லை. மரமும் உலோகமும் நம் பட்டியலில் இல்லை. நோயறிய நான்கு வழிகள்: பார்த்தல், கேட்டலும் முகர்தலும், வினவுதல், தொட்டறிதல். நம் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடியும் பரிசமும் இருப்பது நினைவுக்கு வரும்.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு கை உயரும் என்பது எனக்குத் தெரியும். “இதெல்லாம் காஞ்சிபுரத்துல இருந்து போதிதர்மர் கொண்டு போனதுதானே?” சினிமா பார்த்த எந்த வகுப்பும் இதைக் கேட்கும். கேட்கட்டும், நல்ல வரலாற்றுப் பாடம் அது. சீனாவின் மாவாங்துயி என்னும் இடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973இல் அகழ்ந்தபோது, பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் கிடைத்தன. உடலில் 11 பாதைகள் இருப்பதாக அவை சொல்கின்றன. போதிதர்மர் சீனாவுக்குச் சென்றதாக மரபு சொல்லும் காலம் அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னால். தேதியைப் பலகையில் எழுதினால் போதும், மாணவர்களே கழித்துப் பார்த்துக்கொள்வார்கள்.

சீனாவிலிருந்து கொரியா வழியாக இந்த மருத்துவம் ஜப்பானை அடைந்தது. அங்கே 8ஆம் நூற்றாண்டு அரசுச் சட்டங்களிலேயே ‘அன்மா’ என்னும் பிடித்துவிடும் கலைக்கு ஆசிரியரும் மாணவரும் அரண்மனை மருத்துவத் துறையில் இருந்தார்கள். ஷியாட்சு என்ற பெயரோ 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. இப்பெயரைப் புகழ்பெறச் செய்தவர் தொகுஜிரோ நமிகோஷி. 1905இல் பிறந்த இவர், சிறுவனாக இருந்தபோது மூட்டுவலியால் துன்பப்பட்ட தாய்க்குக் கைபிடித்து விட்டதில் தொடங்கியவர். 1940இல் தோக்கியோவில் பயிற்சிப் பள்ளி நிறுவினார். நமிகோஷி வழியில் கி, பாதை ஆகிய பேச்சே பெரிதாக இல்லை. தசை, நரம்பு, ரத்தக்குழாய் என்று நவீன உடற்கூறியலைத்தான் சொல்லித் தருகிறார்கள். பின்னர் வந்த ஷிசுதோ மசுநாகா கியோத்தோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவர். அவர் பழைய பாதைகளை மீண்டும் கொண்டுவந்தார். ஒரு கை அசையாமல் தாங்கியிருக்க, மறு கை நகர்ந்து அழுத்தும். தாங்கும் கைக்குத் தாய்க்கை என்று பெயர். அழுத்துவதைவிட அந்த அசையாத கைதான் முக்கியம் என்பார்கள் அவ்வழியினர்.

ஆக, ஒரே ஷியாட்சுக்குள் ஒரு பள்ளி பாதைகளை நம்புகிறது, இன்னொன்று அவை இல்லாமலே நடக்கிறது. கோட்பாடு வேறு, கைத்தொழில் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சோதித்துப் பார்த்தால்

உடலை அறுத்துப் பார்த்தவர் எவரும் இந்தப் பாதைகளை நரம்பைப் போலவோ குழாயைப் போலவோ கண்டதில்லை. புள்ளிகளின் கதை இன்னும் சுவையானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மேற்கு பசிபிக் பிரிவு, 361 புள்ளிகளின் இடத்தை வரையறுக்கச் சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளின் வல்லுநர்களைக் கூட்டியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழகிய மரபு. ஆனாலும் 92 புள்ளிகளில் மூன்று நாடுகளும் ஒத்துப்போகவில்லை. பல கூட்டங்கள் பேசி, 2006இல் ஜப்பானின் த்சுகுபா நகரில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 2008இல் நூலாக வெளிவந்தது. அப்போதும் 6 புள்ளிகளுக்கு மாற்று இடங்களையும் குறித்தே வெளியிட வேண்டியிருந்தது.

அப்படியானால் எல்லாம் வெறும் நம்பிக்கையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு புள்ளி இருக்கிறது. ஜப்பானிய மொழியில் ‘நைகான்’. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டலுக்கு இந்த இடத்தைத் தூண்டினால் பயன் உண்டா என்று நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஒரு குழுவுக்குச் சரியான இடத்தில். மறு குழுவுக்குப் பொய்யாக, வேறோர் இடத்தில் அல்லது அழுத்தமே இல்லாத பட்டையுடன். இவற்றைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு, சரியான இடத்தில் தூண்டியவர்களுக்குக் குமட்டல் குறைந்ததாகச் சொல்கிறது.

ஷியாட்சு என்ற முழுச் சிகிச்சைக்கு வந்தால் நிலைமை வேறு. 2011இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட தொகுப்பாய்வில், புள்ளி அழுத்தத்துக்கு வலி, குமட்டல், தூக்கம் ஆகியவற்றில் ஓரளவு சான்று இருப்பதாகவும், ஷியாட்சுக்கு இருக்கும் ஆய்வுகள் முடிவு சொல்லப் போதாத அளவு குறைவு என்றும் எழுதியிருக்கிறார்கள். இறுகிய தோள் தளர்வதும், ஒரு மணி நேரம் ஒருவர் கவனமாகத் தொட்டதில் மனம் அமைதி அடைவதும் பயன்தான். ஆனால் சர்க்கரை நோய் தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. துண்டறிக்கையின் பட்டியலை அந்த அம்மாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தேன். இன்சுலினை நிறுத்திவிட்டுப் புள்ளியை அழுத்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை நம் மாணவர்களுக்கு உயிரியல் ஆசிரியர் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

பாதுகாப்பு பற்றியும் அதில் ஒரு வரி இல்லை. காய்ச்சல், தொற்றுநோய், எலும்பு முறிவு, திறந்த புண், எலும்புத் தேய்வு, ரத்தம் உறையாத நோய் ஆகியவை இருந்தால் அழுத்தக் கூடாது. காலில் ரத்தக்கட்டி இருப்பவரின் கெண்டைக்காலை அழுத்தினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். உயிர் போகும் ஆபத்து அது. கர்ப்பிணிகளுக்குச் சில இடங்களை மரபே விலக்கி வைத்திருக்கிறது. இவற்றை அறிய நோய்க்குறியியல் படிக்க வேண்டும். ஆறு வாரத்தில் படிக்கிற படிப்பல்ல.

துரத்தப்பட்ட மாணவர்

இனி இரண்டாவது கேள்வி. அந்த அம்மா கேள்விப்பட்டதில் உண்மை இருந்தது.

1610இல் சாமுராய் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் வாய்ச்சி சுகியாமா. சிறு வயதிலேயே பார்வை போயிற்று. எதோ நகருக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு, வந்து ஓர் அக்குபங்சர் ஆசிரியரிடம் சேர்ந்தார். மறதி, கை மந்தம் என்று சொல்லி ஆசிரியர் அவரை அனுப்பிவிட்டார். நம் மொழியில் சொன்னால் மெல்லக் கற்கும் மாணவர். எனோஷிமா தீவுக் கோயிலுக்குச் சென்று நோன்பிருந்தவர் திரும்பும் வழியில் கல் தடுக்கி விழுந்தார் என்றும், அப்போது காலில் குத்திய பொருளை எடுத்துத் தடவிப் பார்க்க, சுருண்ட இலைக்குள் ஒரு பைன் ஊசி இலை இருந்தது என்றும் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அவர் பெயரால் வழங்கும் முறை உண்மையானது. மெல்லிய ஊசியை, அதைவிடச் சற்றே குட்டையான குழாய்க்குள் வைத்து, வெளியே நீட்டியிருக்கும் தலையை விரலால் தட்டுவது. ஊசி வளையாது, இடம் தவறாது, கண் தேவையில்லை. இன்று பார்வையுள்ள சிகிச்சையாளர்களும் உலகெங்கும் இந்தக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள்.

ஷோகுன் த்சுனயோஷிக்குச் சிகிச்சை அளித்து அவருடைய ஆதரவைப் பெற்ற சுகியாமா, 1680களில் எதோவில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பார்வையற்றவர்களுக்கு அன்மா, அக்குபங்சர் ஆகியவற்றைப் படிப்படியான பாடத்திட்டத்தோடு கற்பித்த பள்ளி. பாரிசில் வாலெந்தின் ஆயுயி தம் புகழ்பெற்ற பள்ளியைத் தொடங்கியது 1780களில். நூறு ஆண்டு வித்தியாசம். சிறப்புக் கல்வி வரலாறு என்றால் பாரிசிலிருந்து தொடங்குவதே நம் வழக்கம். நானும் அப்படித்தான் படித்தேன். சுகியாமாவையும் பாடத்தில் சேர்க்கலாம் என்பது என் கருத்து.

இது ஏறுமுகமாகவே போன கதை அல்ல. பார்வையற்றோருக்கென இருந்த தொழிற்குழுவை மெய்ஜி அரசு 1871இல் கலைத்தது. பிழைப்புக்கான பாதுகாப்பு ஒரே ஆணையில் போயிற்று. 1878இல் கியோத்தோவில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்குமான பள்ளி திறந்தது. 1890இல் பிரெயில் முறையை ஜப்பானிய எழுத்துக்கு ஏற்ப அமைத்தார்கள். போருக்குப் பிறகு, 1947இல், நாட்டை ஆண்ட அமெரிக்கப் படைத் தலைமை இந்த மரபுச் சிகிச்சைகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை, சுகாதாரம் இல்லை என்று தடை செய்ய நினைத்தது. பார்வையற்ற தொழிலாளர்களும் பள்ளி மாணவர்களும் எதிர்த்துப் போராடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் தடைக்குப் பதிலாக உரிமச் சட்டம் வந்தது. 1955இல் ஷியாட்சு அச்சட்டத்துக்குள் வந்தது. 1964இல் தனிப் பெயராக இடம்பெற்றது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி பயிற்சி. பார்வையற்றோர் பள்ளிகளில் மேல்நிலைக் கல்விக்குப் பின் மூன்று ஆண்டுப் படிப்பு. உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல், சுகாதாரம் ஆகியவற்றோடு கிழக்காசிய மருத்துவமும் செய்முறையும். பிறகு நாடு முழுவதற்குமான ஒரே தேர்வு. பிரெயில், பெரிய எழுத்து, ஒலிவடிவம் என்று வேண்டிய வடிவில் எழுதலாம். இப்பாடங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கவே த்சுகுபா பல்கலைக்கழகத்தில் தனிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அந்த ஆசிரியர்களிலும் பலர் பார்வையற்றவர்கள். நடுவயதில் சர்க்கரை நோயாலோ விபத்தாலோ பார்வை இழந்தவர்களும் இப்படிப்பில் சேர்கிறார்கள். படித்து முடித்தவர்களைச் சில நிறுவனங்கள் தம் ஊழியர்களின் தோள்வலி, கழுத்துவலியைக் கவனிக்கச் சம்பளத்துக்கு அமர்த்துகின்றன.

ஒதுக்கீடா, ஒதுக்கலா?

1964இல் அச்சட்டத்தில் ஒரு பிரிவும் சேர்ந்தது. பார்வையற்றோரின் பிழைப்புக்கு இடையூறு வரும் என்று தோன்றினால், பார்வையுள்ளோருக்குப் புதிய அன்மா, மசாஜ், ஷியாட்சு பள்ளிகள் தொடங்க அரசு அனுமதி மறுக்கலாம். “தற்காலத்துக்கு” என்ற பொருள்படும் சொல்லோடுதான் அது எழுதப்பட்டது. ஒரு கல்வி நிறுவனம் இதை எதிர்த்து நீதிமன்றம் போனது. 2022 பிப்ரவரியில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. தற்காலம் இன்னும் முடியவில்லை.

பக்கத்து நாடுகளில் வேறு விடைகள். தென்கொரியாவில் மசாஜ் தொழில் பார்வையற்றோருக்கு மட்டும் என்ற விதியை அரசியல் சட்ட நீதிமன்றம் 2006இல் ரத்து செய்தது. பார்வையற்றோர் தெருவுக்கு வந்து போராட, நாடாளுமன்றம் அதையே சட்டமாக்கியது. 2008 அக்டோபரில் அதே நீதிமன்றம் அதை ஏற்றது. அதே மாதத்தில் தைவான் நீதிமன்றமோ, அங்கிருந்த இதே போன்ற விதி சமத்துவத்துக்கும் தொழில் உரிமைக்கும் எதிரானது என்று சொல்லி, மூன்று ஆண்டுக்குள் முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னது.

இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு தொழிலைக் காப்பாற்றித் தருவது பெரிய உதவி. ஆனால் பார்வை இல்லை என்றாலே கைபிடித்து விடும் தொழில்தான் என்று பிறந்த அன்றே முடிவாகிவிட்டால், சட்டம் படிக்க விரும்பும் பிள்ளை என்ன செய்யும்? ஜப்பானியப் பார்வையற்றோரே இந்தக் கேள்வியைப் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். அன்மா, மசாஜ், ஷியாட்சு உரிமம் பெற்றுத் தொழில் செய்வோரில் இன்று அங்கேயும் பார்வையுள்ளவர்களே பெரும்பான்மை. உரிமமே இல்லாமல் ‘இளைப்பாறுதல்’ என்ற பலகையோடு நடக்கும் கடைகள் வேறு போட்டிக்கு வந்துவிட்டன.

அந்த அம்மாவிடம் சொன்னது சுருக்கமானதுதான். ஜப்பானில் மூன்று ஆண்டு, அரசுத் தேர்வு, உரிமம். இங்கே இந்தத் துண்டறிக்கையில் ஆறு வாரம், அச்சடித்த காகிதம். இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. பணம் கட்ட வேண்டாம் என்றேன். பிறகு மாணவரைத் தனியாகக் கேட்டேன், உனக்கு இதில் விருப்பமா என்று. “யாரும் என்னைக் கேக்கல டீச்சர். எனக்கு வரலாறுதான் படிக்கணும். ஆனா உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கவும் ஆசை” என்றார். அவர் இப்போது இளங்கலை வரலாறு முதலாண்டு படிக்கிறார்.

அவருடைய இரண்டாவது ஆசைக்கு அப்போதே ஏதாவது செய்ய முடிந்தது. எங்கள் ஆய்வகத்தில் எலும்புக்கூடு மாதிரி ஒன்று கண்ணாடி அலமாரிக்குள் நிற்கிறது. அதை வெளியே எடுத்து, கழுத்து முள்ளெலும்புகள் ஏழையும் அவர் விரலால் எண்ணினார். பிறகு தன் கழுத்திலேயே எண்ணத் தொடங்கி, தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தி நிற்பதுதான் ஏழாவது என்று கண்டுபிடித்தார். ஷியாட்சு பயில்வோர் முதுகில் இடம் குறிக்க முதலில் தேடுவதும் பெரும்பாலும் அதைத்தான். மற்ற மாணவர்களும் கண்ணை மூடிக்கொண்டு முயன்றார்கள். பாதிப் பேருக்குத் தோள்பட்டை எலும்பு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்து எடுத்து வைத்துக் காட்டினார். உங்கள் பள்ளியிலும் அந்த மாதிரி அலமாரிக்குள் இருந்தால், எலும்பு மண்டலம் நடத்தும் நாளில் இரண்டு பாடவேளைக்கு வெளியே எடுத்து வையுங்கள். தொட்டால் உடையும் என்று பயப்பட வேண்டாம். விலா எலும்புகளை மட்டும் சற்றுக் கவனமாகக் கையாளச் சொன்னால் போதும்.